மரப்பொம்மைக்காரர் வீட்டுக் கல்யாணம்

மார்ச் 3

புதுச்சேரியிலிருந்து நவீனா போன் செய்தார். என் படங்களை வைத்து விற்றுத் தரும் காலரியின் உரிமையாளர். என் கண்காட்சியைப் பற்றி ஆங்கிலப் பத்திரிகையில் அரைப் பக்கம் வந்திருக்கிறதாம். படித்துவிட்டுத் தமிழிலும் சொன்னார். ‘ஓவியர் பரஞ்சோதியின் முகமில்லாத மரப்பொம்மைகள் நம்மைச் சிரிக்க வைத்துவிட்டு, சிரித்ததற்காக வெட்கப்படவும் வைக்கின்றன. ஒருவரையொருவர் அடையாளம் தெரியாமல் போய்விட்ட சமூகத்தின்மீது இவ்வளவு இரக்கமில்லாத கிண்டலை அண்மையில் பார்த்ததில்லை.’

“இதுக்கு நீங்க என்ன சொல்றீங்க சார்?” என்றார்.

“ம்” என்றேன்.

“இந்த மௌனம்தான் சார் உங்க படத்துலயும் இருக்கு.”

மௌனமாவது ஒன்றாவது. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்தவன் நான். மாணவர்கள் உடம்பு வரையப் பழகுவதற்காக ஒரு முழ உயரத்தில் மரப்பொம்மை ஒன்று விற்பார்கள். கை கால் மூட்டெல்லாம் வளையும். முகம் இருக்க வேண்டிய இடம் முட்டை மாதிரி வழவழவென்று இருக்கும். கீழே விழாமலிருக்க முதுகில் ஒரு கம்பி. அதைத்தான் இப்போது ஆளுயரத்துக்கு வரைகிறேன். பத்திரிகையில் ‘பெண் பார்த்தல்’ படத்தைப் போட்டிருக்கிறார்களாம். சோபா நிறைய மாப்பிள்ளை வீட்டுப் பொம்மைகள், மடியில் பஜ்ஜித் தட்டுகள். ஒருவருக்கும் வாய் இல்லை, ஆனாலும் தட்டுகள் பாதி காலி. மாப்பிள்ளைப் பொம்மையின் முதுகுக் கம்பி அவன் அம்மாவின் கையில் இருக்கிறது.

என் மனைவி திலகவதிக்கு அந்தப் படத்தைக் கண்டாலே பயம். “சம்பந்தி வீட்டுக்காரங்க கண்ணுல படாம இருந்தா சரி” என்கிறாள். எங்கள் ஒரே மகள் வேனிலுக்கு மே மாதம் கல்யாணம். மாப்பிள்ளை உதயசங்கர், பெங்களூரில் அவளோடு வேலை பார்க்கிறவர்.

சாயங்காலம் திலகாவின் சித்தப்பா மகன் வந்திருந்தார். உட்கார வைத்துக் காபி கொடுத்தேன். அவர் அதிகம் பேசவில்லை.

மார்ச் 4

நேற்று வந்தவர் சித்தப்பா மகன் இல்லையாம். காஸ் சிலிண்டர் போட வந்தவராம். “வீட்ல எல்லாரும் சௌக்கியமா, சின்னவன் என்ன படிக்கிறான்” என்றெல்லாம் கேட்டேனாம். காபி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

மார்ச் 11

டாக்டரிடம் போய் வந்தோம். புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. இதுவரை இந்த நாட்குறிப்பிலும் எழுதாமல் தட்டிக் கழித்து வந்தேன். எழுதிவிடுகிறேன், என்ன குடி முழுகிவிடப் போகிறது.

போன வருஷம் மழையில் ஸ்கூட்டர் வழுக்கி விழுந்ததில் பின்மண்டையில் அடி. எல்லாம் ஆறிவிட்டது. கண்ணிலும் ஒரு குறையும் இல்லை. முகங்கள் மட்டும் போய்விட்டன. மூக்கு தெரிகிறது, மூக்குத்தி தெரிகிறது, கன்னத்து மச்சம்கூடத் தெரிகிறது. எல்லாம் சேர்ந்து இன்னார் என்று ஆவதில்லை. பார்வையை எடுத்துவிட்டுத் திரும்பப் பார்த்தால் வேறு ஆள். காலையில் கண்ணாடியில் யாரோ ஒரு கிழவர் சவரம் செய்துகொள்கிறார். அவர் கன்னத்தில் வெட்டினால் எனக்கு எரிகிறது. அதை வைத்துத்தான் நான் என்று தெரிந்துகொள்கிறேன்.

ஆகவே என் படங்களுக்கும் கிண்டலுக்கும் சம்பந்தமில்லை. மற்றவர்கள் என்னை எப்படிப் பார்க்கிறார்களோ தெரியாது, எனக்குத் தெரிவதை நான் வரைகிறேன். அதற்கு அரைப் பக்கம் கிடைக்கிறது.

மற்ற ஊர்களில் இந்த நோயோடு காலம் தள்ளிவிடலாம். நம் ஊரில் முடியாது. எதிரில் வருகிற எவரும் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்வதில்லை. மூஞ்சியை மூஞ்சிக்கு நேரே கொண்டுவந்து, “என்னைத் தெரியுதா?” என்று கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். “தெரியாம என்ன!” என்று சொன்னாலும் விடமாட்டார்கள். “அப்ப யாருன்னு சொல்லு பாப்போம்!” நேற்று கடைத்தெருவில் என் பழைய மாணவன் ஒருவன் இப்படித்தான் மடக்கினான். “நீ அப்பவே வாலாச்சே” என்று சமாளித்தேன். எந்த மாணவனுக்கும் அது பொருந்தும். பூரித்துப்போய் எனக்குக் கரும்புச் சாறு வாங்கித் தந்தான்.

இந்த விஷயம் டாக்டரையும் திலகாவையும் தவிர யாருக்கும் தெரியாது. சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால், “பெண்ணோட அப்பாவுக்கு மூளையில கோளாறாமே, பரம்பரையா?” என்று ஆரம்பிப்பார்கள். கல்யாணம் நின்றாலும் நிற்கும். கல்யாணம் முடிகிறவரை வாய் திறப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம்.

“வேனில்கிட்ட மட்டுமாவது சொல்லிடலாங்க” என்றாள் திலகா.

“அவ மாப்பிள்ளைகிட்ட உளறிடுவா” என்றேன். அது ஒன்றுதான் காரணம்.

மார்ச் 20

புதுப் படம் முடிந்தது. ‘துக்கம் விசாரித்தல்.’ நடுவில் குளிர்பெட்டி, சுற்றிலும் நிற்கும் பொம்மைகள். எல்லார் முதுகிலும் கம்பி, ஒருவர் கையில் செல்போன், இன்னொருவர் தயங்கித் தயங்கி, ‘காபி எந்தப் பக்கம்?’ என்று கேட்கிற தோரணையில் கழுத்தை நீட்டியிருக்கிறார். கம்பி இல்லாமல் கை காலை நீட்டி நிம்மதியாக இருப்பது பெட்டிக்குள் இருப்பவர் மட்டும்தான். நவீனா போட்டோவைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். பெங்களூர்க்காரர் ஒருவர் தன் வீட்டுச் சாப்பாட்டு அறையில் மாட்டக் கேட்கிறாராம். சாப்பாட்டு அறையில்!

ஏப்ரல் 5

கல்யாணப் பத்திரிகை வைக்கப் பண்ருட்டி போனோம். திலகாவின் பெரியப்பா மகன் கலியபெருமாள் வீடு அங்கே. அதே தெருவில்தான் அவளுடைய சொந்த அண்ணன் ஜம்புலிங்கமும் இருக்கிறார். ஒரு மனைத் தகராறில் எனக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை நின்று வேனில் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து ஒருவர் வீட்டு வாசலை ஒருவர் மிதித்ததில்லை. அவருக்குப் பத்திரிகையே கிடையாது என்று நான் திட்டவட்டமாகச் சொல்லியிருந்தேன். திலகா மறுபேச்சுப் பேசவில்லை, ஆனால் அன்றிலிருந்து சாம்பாரில் உப்பு சரியில்லை.

ஆட்டோக்காரருக்கு அவள் சில்லறை தேடிக்கொண்டிருந்தாள். நான் தட்டோடு இறங்கினேன். ஆட்டோ நின்ற இடத்துக்கு நேரே ஒரு வீட்டுக் கதவோரம் கட்டம்போட்ட லுங்கியில் கனத்த உடம்போடு ஒருவர் நின்றார். கலியபெருமாள் என்றால் கனத்த உடம்பு. போய் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். “மச்சான், நீங்க இல்லாம எனக்கு என்ன கல்யாணம்? நீங்கதான் முன்னாடி நின்னு நடத்தித் தரணும்” என்று தட்டை நீட்டினேன்.

அவர் தட்டை வாங்கவில்லை. அப்படியே என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். “மாப்ள, நான்ல முதல்ல வந்திருக்கணும்! நீ வந்து நிக்கிறியே மாப்ள! நான் மனுசனே இல்ல!”

குரலைக் கேட்டதும்தான் தெரிந்தது. ஜம்புலிங்கம். தட்டைத் திரும்பப் பிடுங்க முடியுமா? பின்னால் திரும்பினால் திலகா ஆட்டோவுக்குப் பக்கத்திலேயே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அண்ணன் வீட்டில் கோழி அடித்துச் சாப்பாடு. மனையில் பாதியை வேனில் பேருக்கு எழுதுகிறேன் என்றுகூடச் சொன்னார். சாப்பாட்டு மயக்கம், நான் நம்பவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் திலகா சொன்னாள்: “தெரிஞ்சிருந்தா செஞ்சிருப்பீங்களா?”

“மாட்டேன்.”

“அப்ப தெரியாமலே இருங்க.”

ஏப்ரல் 18

வேனில் ஒரு வாரம் விடுப்பில் வந்திருக்கிறாள். அதிகாலை பஸ் நிலையத்தில் காத்திருந்தேன். அவள் வழக்கமாக நீலப் பையோடு வருவாள், அதனால் நீலப் பையைத் தேடிக்கொண்டிருந்தேன். பை புதிதாம். தலைமுடியையும் வெட்டியிருக்கிறாள். எனக்கு எதிரில் வந்து சிரித்தபடியே ஒரு பெண் கொஞ்ச நேரம் நின்றிருக்கிறாள். நான் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றேன். “அப்பா! என்னப்பா விளையாடுற?” என்ற பிறகுதான் சிரித்தேன். விளையாடியதாகவே இருக்கட்டும். கூட்டம் அதிகம், வெளிச்சமும் போதாது.

ஏப்ரல் 20

வேனில் காலையில் என் அறைக்கு வந்து, பொம்மைப் படங்களையெல்லாம் பார்த்துச் சிரித்துவிட்டு, “அப்பா, எனக்குக் கல்யாணத்துக்கு என்ன தரப்போற?” என்றாள்.

“என்ன வேணும்?”

“என்னை வரைஞ்சு குடு. பொம்மை வேணாம். என் மூஞ்சி. சின்னப் புள்ளையில வருஷா வருஷம் பொறந்தநாளுக்கு வரைவியே.”

“மூஞ்சி வேணும்னா போட்டோக்காரன்கிட்ட போ. நான் இப்ப அதெல்லாம் வரையறதில்ல” என்றேன்.

துலக்காமல் கிடந்த தூரிகைகளை எடுத்து ஒவ்வொன்றாகக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பெரிய ஓவியன் ஆகிவிட்டால் அப்படித்தான், கிராக்கி காட்ட வேண்டும்.

அவள் வெளியே போயிருந்தபோது பரணிலிருந்து மரப்பெட்டியை இறக்கி அந்தப் பிறந்தநாள் படங்களை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் என் கையெழுத்து. கோடுகள் நன்றாக வந்திருக்கின்றன, மூக்கு நிழலில் மட்டும் கொஞ்சம் அவசரம். யாரோ சில பெண்பிள்ளைகள். கட்டி மறுபடி பரணில் போட்டுவிட்டேன். மரப்பெட்டியில் கரையான் இல்லை, அது ஒரு நிம்மதி.

ஏப்ரல் 25

வேனில் ஊருக்குப் போனாள். வெயில் தாங்கவில்லை.

மே 10

முகூர்த்தப் புடவை எடுக்க இரண்டு குடும்பமும் ஜவுளிக்கடையில் கூடினோம். புடவை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது, எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. ஆனால் திலகா என்னை வரச் சொன்னதற்குக் காரணம் உண்டு. “நல்லா பாத்து வச்சுக்கங்க. அரக்குக் கலர், பச்சைக் கரை. அன்னிக்கு இந்தப் புடவையில யாரு இருக்காளோ அவதான் உங்க பொண்ணு” என்று காதில் சொன்னாள். முகம் போனாலும் நிறம் போகவில்லை. அந்த அரக்கை எந்தெந்த வண்ணத்தைக் கலந்தால் கொண்டுவரலாம் என்றுகூடக் கணக்குப் போட்டுவிட்டேன். வாழ்க்கையில் இவ்வளவு தைரியமாக நான் ஜவுளிக்கடையை விட்டு வந்ததில்லை.

சம்பந்தியம்மா நல்ல மாதிரி. ஆனால் பேச்சு எப்போதும் யாராவது ஒருவருடைய ஆஸ்பத்திரிச் சமாசாரத்தில் போய் முடிகிறது. “குடும்பத்துல யாருக்கும் சுகர் கிகர் இல்லையே?” என்று இரண்டு முறை கேட்டார். இல்லவே இல்லை என்றோம். சர்க்கரை எங்களுக்கு நிஜமாகவே இல்லை.

மே 27

நாளை கல்யாணம். மாப்பிள்ளை வீட்டு வேண்டுதல்படி மலைக்கோயிலில் தாலிகட்டு, கீழே மண்டபத்தில் சாப்பாடு. திலகாவின் ஏற்பாடு இது: அவள் என் முழங்கையை விட்டு நகரமாட்டாள். யார் வந்தாலும் எனக்கு முன்னால் அவளே, “வாங்க கலியபெருமாள் அண்ணே, வாங்க சரோஜா அண்ணி” என்று பெயரைச் சொல்லி வரவேற்பாள், பின்பாட்டு நான். இன்று மண்டபத்தில் ஒத்திகை பார்த்தோம். நன்றாகப் போயிற்று. ஜம்புலிங்கம் சமையல்காரரைத் திட்டிக்கொண்டிருக்கிறார், அவரை மட்டும் யார் துணையுமில்லாமல் கண்டுபிடிக்கிறேன்.

மே 28

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நல்ல முகூர்த்த நாள். மலைக்கோயில் மண்டபத்தில் ஒரு தூணுக்கு ஒரு கல்யாணம். எந்த நாதஸ்வரம் யாருக்கு வாசிக்கிறது என்று சாமிக்கே தெரியாது. காலையில் வேனில் ஒரு மஞ்சள் புடவையில் வந்து சடங்கில் உட்கார்ந்தாள், பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், பிரச்சினை இல்லை. பிறகு அய்யர் முகூர்த்தப் புடவையைத் தட்டில் வைத்துக் கொடுத்து, மாற்றிக்கொண்டு வரச் சொன்னார். திலகா கூடப் போனாள். அந்த நேரம் பார்த்து, பெண்ணின் தகப்பனார் கோயில் அலுவலகத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று கூப்பிட்டார்கள். போனேன். வரிசையில் எனக்கு முன்னால் நிறையத் தகப்பன்மார்கள்.

திரும்பி வந்தால் மண்டபம் முழுவதும் அரக்குப் புடவை.

கடைக்காரர் அன்றைக்கே சொன்னார், ‘இந்த சீசன்ல இதாங்க ஓட்டம்’ என்று. காதில் வாங்காமல் போனேன். தூணுக்குத் தூண் அரக்குப் புடவை, பச்சைக் கரை, ஒரே மாதிரி ஜடை, ஒரே மாதிரி ஒப்பனை, கழுத்து நிறைய மாலை. பக்கத்தில் பட்டு வேட்டியில் ஆளுக்கொரு மாப்பிள்ளை. நான் வரைந்த படத்துக்குள் யாரோ என்னைத் தள்ளிவிட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டது போலிருந்தது. இதற்குமுன் எனக்குச் சிரிப்பு வந்த இடம் அது. இன்று வரவில்லை. பயமாக இருந்தது. என் குழந்தை இதில் எது என்று தெரியாமல் நின்றேன்.

யாரையாவது கேட்கலாம். ‘என் பெண் எங்கே’ என்று ஒரு தகப்பன் கேட்டால் தவறில்லை. ஆனால் நான் கேட்கிறவரே சம்பந்தி வீட்டுக்காரராக இருந்துவிட்டால்? எங்கள் தூண் சன்னதிக்கு இடப்பக்கம் என்ற நினைப்பில் அங்கே போனேன். மணையில் ஒரு பெண் குனிந்து உட்கார்ந்திருந்தாள். கைவிரலைப் பிசைந்துகொண்டிருந்தாள். வேனில் பரீட்சைக்குப் போகும்போது அப்படித்தான் பிசைவாள். போதாதா? சுற்றிலும் ஆட்கள் குறைவாக இருந்தது, அதை நான் கவனிக்கவில்லை.

தாலி ஏறுமுன் சொல்லிவிட வேண்டும் என்று வைத்திருந்தேன். குனிந்து தலையில் கையை வைத்தேன்.

“இங்க பாரும்மா. போற எடத்துல பொம்மை மாதிரி உக்காந்திருக்காத. புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லு. புடிச்சிருந்தா அதையும் வாய் விட்டுச் சொல்லு, ஆம்பளைங்களுக்குத் தானா புரியாது. என்ன ஆனாலும் நம்ம வீட்டுக் கதவு உனக்குத் தொறந்திருக்கும். ஏன் வந்தேன்னு அப்பா கேக்கமாட்டேன்.”

அந்தப் பெண் என் காலைக் கட்டிக்கொண்டாள். “அப்பா…” என்றாள். “எங்க வீட்லேர்ந்து யாருமே வரலப்பா.”

வேனிலின் குரல் இல்லை.

கூட நின்ற இளைஞன் ஒருவன், “லவ் மேரேஜ் சார். அவங்க வீட்ல ஒத்துக்கல. நாங்க ஃப்ரெண்ட்ஸ் நாலு பேரு மட்டும்தான்” என்றான். கையை எடுத்துவிட்டு, மன்னிக்கவும் என்று நகர்ந்திருக்கலாம். எடுக்கவில்லை. அவள் அழுது முடிகிறவரை வைத்திருந்தேன். சட்டைப் பையில் வேனிலுக்குக் கொடுக்க வைத்திருந்த பணக் கவரையும் கொடுத்தேன்.

நிமிர்ந்தபோது அடுத்த தூணில் ஒரு கூட்டமே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. அதிலிருந்து சம்பந்தியம்மாவின் குரல் வந்தது.

“பாத்தீங்களா எவ்ளோ பெரிய மனசு! சொந்தப் பொண்ணு முகூர்த்தத்துக்கு நடுவுல, யாருமில்லாத பொண்ணுன்னு கண்டுபுடிச்சுப் போய் ஆசீர்வாதம் பண்றாரு. கலைஞருங்க கண்ணே வேற!”

எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஜம்புலிங்கம், “என் மாப்ள அப்பவே அப்படித்தான். பண்ருட்டியில வந்து என் கையைப் புடிச்சாரு பாருங்க…” என்று ஆரம்பித்தார். திலகா வந்து என் முழங்கையைப் பிடித்தாள். கூட்டத்தின் நடுவில் அரக்குப் புடவையில் ஒருத்தி மட்டும் ஆமாம் போடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாலி ஏறியது. அட்சதை போட்டேன். பெண்ணும் மாப்பிள்ளையும் எங்கள் காலில் விழுந்தார்கள். எழுந்தவள் என் காதருகே வந்தாள்.

“அப்பா, நான் வேனில்” என்றாள்.

“தெரியும்மா.”

“உனக்குத் தெரியாதுப்பா. பஸ் ஸ்டாண்டுலயே எனக்குச் சந்தேகம்தான். பரவால்ல.” என் கையை எடுத்துத் தன் தலையில் அவளே வைத்துக்கொண்டாள். “அந்தப் பொண்ணுகிட்ட என்னவோ சொன்னியே, அதை எனக்கும் சொல்லு.”

அவ்வளவு அழகாக மனப்பாடம் செய்து வைத்திருந்ததில் ஒரு சொல்கூட வரவில்லை. அழுதுவிட்டேன். நாலு பேர் நடுவில், சத்தமாக. போட்டோக்காரர், “சார், கொஞ்சம் சிரிச்ச மூஞ்சியா” என்றார். சம்பந்தியம்மா அவரை அதட்டினார். பெண்ணை அனுப்புகிற தகப்பன் அழாமல் என்ன செய்வார் என்றார்.

சம்பந்தி வீட்டுக்கு விஷயம் தெரிந்துவிடும் என்று இத்தனை நாள் பயந்தேன் என்று எழுதி வைத்திருக்கிறேன். அது பொய். அவளுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்றுதான் பயந்தேன். தன் முகம் அப்பாவுக்கு இல்லை என்பது எந்தப் பிள்ளைக்கும் தெரியக் கூடாது.

மே 29

பாத்திரக்கடைக்காரர் வந்து அண்டாக்களை எடுத்துப் போனார். ஒரு கரண்டி குறைகிறது என்றார்.

மே 31

இன்று மறுவீட்டு விருந்து. திலகா விடியலிலிருந்து அடுப்படியில். வேனில் எல்லாவற்றையும் மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டதாக நேற்றே போனில் சொல்லிவிட்டாள். அவர் என்ன சொன்னார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். பெருமாள் கோயிலுக்குப் போகிறவர்கள், தபால்காரர், யார் யாரோ வாசலைத் தாண்டிப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தேன்.

பதினோரு மணிவாக்கில் கார் வந்து நின்றது. ஒரு பெண்ணும் ஆணும் இறங்கினார்கள். யாராக இருந்தாலும் சிரிப்போம் என்று சிரித்து வைத்தேன்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவள் குரல் கொடுத்தாள். “அப்பா, வேனில் வந்திருக்கேன்!”

பின்னால் நின்றவர் ஒரு கணம் தயங்கினார். தெருவில் எதிர் வீட்டுக்காரர்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும்போது பையன்கள் எழுந்து நிற்பார்களே, அதுபோல் நிமிர்ந்து நின்று, தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

“உதயசங்கர் வந்திருக்கேன் மாமா.”